சுழி நகர்ந்தால் சூடு: மீக்கடத்தியில் மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது?

3 மார்ச் 2024, மாலை 6.10 (வாசகர் கேள்வி)

அண்ணா, ஒய்பிசிஓ என்ற மீக்கடத்தியால் (மின்தடை இல்லாமல் கடத்தும் பொருள்) ஆன வில்லை ஒன்றைத் திரவ நைட்ரஜனில் மூழ்கவைத்து மின்தடை அளந்தோம். 92 கெல்வினுக்குக் கீழே சுழி. பிறகு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோய் மின்னோட்டத்தையும் கூட்டினால் சில மைக்ரோவோல்ட் வருகிறது. வெப்பநிலை அதே 77 கெல்வின்தான். காந்தப்புலம் மீக்கடத்தும் தன்மையைக் கொன்றுவிட்டது என்றுதானே பொருள்? மாறுநிலைப் புலத்தைத் தாண்டிவிட்டோம் என்கிறார்கள் நண்பர்கள்.

3 மார்ச் 2024, இரவு 9.40

கொல்லவில்லை தம்பி. வில்லை இப்போதும் மீக்கடத்திதான். ஒய்பிசிஓ, அதாவது இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு, தன் மேல் மாறுநிலைப் புலத்தை, அதாவது மீக்கடத்தும் தன்மை முழுக்கச் சாகும் புலத்தை, தொட 77 கெல்வினில்கூடப் பத்து டெஸ்லாவுக்கு மேல் வேண்டும். கையில் பிடிக்கிற காந்தம் அதன் பக்கத்தில்கூட வராது.

நடப்பது வேறு. ஈயம், பாதரசம் போன்ற முதல் வகை மீக்கடத்திகள் காந்தப்புலத்தை முழுக்க வெளியே தள்ளும். முடியாதபோது மொத்தமாகத் தோற்றுப்போகும். ஒய்பிசிஓ இரண்டாம் வகை. புலத்தை மெல்லிய இழைகளாகப் பிரித்து உள்ளே விடும். ஒவ்வோர் இழையின் நடுவிலும் சில நானோமீட்டர் அகல உட்கரு. அதைச் சுற்றி, ஆற்றில் சுழி சுற்றுவதுபோல, கூப்பர் இணைகளின் (இரண்டிரண்டாகச் சேர்ந்து உராய்வின்றி ஓடும் எலக்ட்ரான்கள்) மின்னோட்டம் ஓயாமல் சுற்றுகிறது. பெரிய சுழி, சின்னச் சுழி என்ற பேச்சே இல்லை. எல்லாச் சுழியும் ஒரே அளவு காந்தப்பாயத்தைத்தான் தாங்கும்: 2.07 × 10⁻¹⁵ வெபர். பிளாங்க் மாறிலியை இரண்டு எலக்ட்ரான் மின்னூட்டத்தால் வகுத்தால் வருகிற எண்.

இப்போது மின்னோட்டம் செலுத்துகிறாய். அது சுழிகளைப் பக்கவாட்டில் தள்ளும். சுழி நகர்ந்தால் அதோடு காந்தப்பாயமும் நகர்கிறது. பாயம் நகர்ந்தால் மின்னழுத்தம். பள்ளிக்கூடத்தில் படித்த ஃபாரடே விதிதான். மின்னோட்டமும் இருக்கிறது, மின்னழுத்தமும் இருக்கிறது என்றால் இரண்டையும் பெருக்கினால் வெப்பம்.

மின்தடை சுழி என்று பாடப்புத்தகம் எழுதுகிறது. அந்தச் சுழியைக் கெடுப்பது இந்தச் சுழி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது எனக்கு இன்றும் வியப்பு.

3 மார்ச் 2024, இரவு 11.25

தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டேன்.

ஒரு மைக்ரோவோல்ட்டைப் பாயக் குவாண்டத்தால், அதாவது ஒரு சுழி தாங்கும் பாயத்தால், வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 48 கோடி. உன் மீட்டர் ஒரு மைக்ரோவோல்ட் காட்டும்போது, இரண்டு மின்னழுத்த முனைகளுக்கும் நடுவே நொடிக்கு 48 கோடிச் சுழிகள் குறுக்கே கடக்கின்றன.

கேட்டால் தலை சுற்றும். ஆனால் வேகத்தைப் பார். முனைகளுக்கு நடுவே 1 சென்டிமீட்டர், புலம் 1 டெஸ்லா என்று வை. சுழியின் வேகம் நொடிக்கு 0.1 மில்லிமீட்டர். எறும்பு இதைவிட எவ்வளவோ வேகம். ஒரு டெஸ்லாவில் அடுத்தடுத்த சுழிகளுக்கு இடைவெளி 50 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு நெருக்கமான கூட்டம் என்பதால்தான் ஊர்ந்தாலே கோடிக்கணக்கில் கடக்கிறது.

மீக்கடத்தி நாடாக்களின் மாறுநிலை மின்னோட்டத்தைக் குறிக்க உலகம் முழுக்க வைத்திருக்கிற அளவுகோல் சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட். அதாவது 'இந்த நாடா இத்தனை ஆம்பியர் தாங்கும்' என்று அட்டையில் போடுகிற எண், சுழிகள் இந்த ஊர்தல் வேகத்தைத் தொடும் இடம்.

5 மார்ச் 2024

என் கதையைச் சொல்கிறேன். இதே குழப்பத்தில் நான் நான்கு மாதம் தொலைத்தேன்.

ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் வருடம். ஒய்பிசிஓ படிகம், மில்லிமீட்டருக்கும் குறைவு. நான்கு முனை இணைப்பு, வெள்ளிப் பசை, தங்கக் கம்பி, நானோவோல்ட் மீட்டர். புலம் இல்லாமல் அளந்தால் 92 கெல்வினில் மின்தடை செங்குத்தாக விழுந்தது. மகிழ்ச்சி. 5 டெஸ்லாவில் அளந்தேன். விழத் தொடங்கும் இடம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஆனால் சுழியைத் தொடும் இடம் பல கெல்வின் கீழே இழுத்துக்கொண்டு போனது. புலத்தைக் கூட்டக் கூட்ட வால் நீண்டது. எல்லா வளைகோடுகளையும் ஒரே தாளில் போட்டால் விரித்த விசிறி.

எனக்குத் தெரிந்த பழைய மீக்கடத்திக் கலவையான நியோபியம்-டைட்டானியம் அப்படிச் செய்யாது. புலம் கூடினால் வளைகோடு முழுசாக இடப்பக்கம் நகரும், வடிவம் மாறாது. அதனால் என் படிகம் கெட்டது என்று முடிவு கட்டினேன். இணைப்பைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். வெப்பமானியை மாற்றினேன். வெப்ப மின்னழுத்தம் கலக்கிறதோ என்று மின்னோட்டத்தைத் திருப்பித் திருப்பி அளந்தேன். மூன்று படிகம் மாற்றினேன். வால் போகவில்லை.

கடைசியில் என் வழிகாட்டி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பழுதில்லை, இதுதான் விஷயம்" என்றார். அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் நான் சுழிகளைப் பற்றி உண்மையாகப் படிக்க ஆரம்பித்தேன்.

என்ன விஷயம்? வெப்பம். சுழியைப் படிகத்தின் ஒரு குறைபாட்டில் பிடித்துவைக்கிற ஆற்றலும் வெப்பத்தின் உதறலும் போட்டி போடுகின்றன. பழைய மீக்கடத்திகள் சில கெல்வினில் வேலை செய்கின்றன, உதறல் சொற்பம். அவற்றின் ஒத்திசைவு நீளமும் (உட்கருவின் அகலத்தைத் தீர்மானிக்கும் நீளம்) பெரிது, நியோபியத்தில் சுமார் 40 நானோமீட்டர். பெரிய உட்கரு, நல்ல பிடிப்பு. ஒய்பிசிஓ-வில் ஒத்திசைவு நீளம் தாமிர ஆக்சைடு அடுக்குக்குள் ஒன்றரை நானோமீட்டர், அடுக்குக்குக் குறுக்கே அதில் ஐந்தில் ஒரு பங்கு. உட்கரு ஒல்லி, பிடிப்பு சின்னது, வெப்பநிலையோ இருபது மடங்கு. சுழி உதறி உதறி நழுவிவிடுகிறது.

1986இல் பெட்னார்ஸும் முல்லரும் முதல் உயர்வெப்ப மீக்கடத்தியைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே முல்லர், தகாஷிகே, பெட்னார்ஸ் மூவரும் இந்த எல்லையையும் பார்த்துவிட்டார்கள். புலம்–வெப்பநிலைப் படத்தில் மேல் மாறுநிலைக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு. அதற்கு மேலே மீக்கடத்தும் தன்மை இருக்கும், ஆனால் சுழிகள் பிடியில் நிற்காது. மீளாக்கோடு என்று சொல்லலாம். 1988இல் யெஷுருனும் மலோசெமாஃபும் இதைச் சுழிகளின் மாபெரும் ஊர்தல் என்று விளக்கினார்கள்.

6 மார்ச் 2024, காலை

ஒரு கேள்வி வந்திருக்கிறது. கூப்பர் இணைகளுக்கு உராய்வே இல்லை, பிறகு வெப்பம் குறிப்பாக எந்த இடத்தில் உண்டாகிறது?

உட்கருவில். 1965இல் பார்டீனும் ஸ்டீஃபனும் சொன்ன படம் இது. சுழி நகரும்போது உட்கருவுக்குள் மின்புலம் தோன்றுகிறது. அங்கே இருப்பவை சாதாரண எலக்ட்ரான்கள். மின்புலம் கண்டால் ஓடும், மோதும், சூடாக்கும். சுழிக்குப் பாகில் இழுத்த கரண்டிபோல ஒரு பாகுநிலை இழுவை கிடைக்கிறது. அவர்களுடைய விதி எளிது: சுழிகள் தடையின்றி ஓடினால் கிடைக்கும் மின்தடை எண், சாதாரண நிலை மின்தடை எண்ணை புலம்/மேல் மாறுநிலைப் புலம் என்ற விகிதத்தால் பெருக்கினால் வருவது. உட்கருக்கள் இடத்தில் எத்தனை பங்கை அடைத்திருக்கின்றனவோ அத்தனை பங்கு மின்தடை.

எண் போட்டுப் பார். 77 கெல்வினில் மேல் மாறுநிலைப் புலம் 30 டெஸ்லா, சாதாரண நிலையில் 50 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் என்று தோராயமாக எடுத்துக்கொள். ஒரு டெஸ்லாவில் விடை 1.7 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர். அறை வெப்பத்தில் தாமிரத்தின் மின்தடை எண்ணும் 1.7! அந்தத் தாமிரத்தையே 77 கெல்வினுக்குக் குளிர்வித்தால் 0.2 ஆகிவிடும். பிடிப்பே இல்லாத ஒய்பிசிஓ, குளிர்ந்த தாமிரக் கம்பியிடம் எட்டு மடங்கு தோற்கும். இதை முதன்முதலில் கணக்கிட்ட அன்று நான் சாப்பிடப் போக மறந்துவிட்டேன்.

6 மார்ச் 2024, இரவு

ஒன்றைத் திருத்த வேண்டும். சுழிகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குக் கடக்கின்றன என்று எழுதியது வெளிப்புலம் இருக்கும்போதுதான் சரி. வெளியே புலமே இல்லாமல் மின்னோட்டத்தை மட்டும் ஏற்றினாலும் அதன் சொந்தப் புலம் இருக்கிறது. அப்போது இரண்டு விளிம்புகளிலிருந்தும் எதிரெதிர்ச் சுழற்சி கொண்ட சுழிகள் உள்ளே வரும், நடுவில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதற்கும் மின்னழுத்தம் உண்டு, வெப்பமும் உண்டு.

8 மார்ச் 2024

'வெப்பம் உட்கருவில்' என்று ஒரே வார்த்தையில் முடித்தது இரண்டு நாளாக உறுத்துகிறது.

இயற்பியலாளர் டிங்கம் பார்த்த இன்னொரு பக்கம் உண்டு. சுழி வந்து நிற்கிற இடத்தில் மீக்கடத்தும் ஒழுங்கு குலைகிறது, அது போனதும் மறுபடி கூடுகிறது. கூடுவதற்குச் சிறு நேரம் ஆகும். முன்னால் குலைத்ததற்குச் செலவழித்த ஆற்றல் பின்னால் முழுசாகத் திரும்பி வராது. அந்தத் தாமதமே இழப்பு. இந்த இழப்பும் உட்கரு எலக்ட்ரான்களின் இழப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆக, இரண்டும் சேர்ந்த கணக்கு.

அடுத்தது, உட்கருவைச் சாதாரண உலோகம் அடைத்த குழாய் என்று சொல்வது நியோபியத்துக்குப் பொருந்தும். 1964இலேயே கரோலி, தெ ஜென், மாத்ரிகோன் மூவரும் உட்கருவுக்குள் எலக்ட்ரான்கள் படிப்படியான ஆற்றல் மட்டங்களில்தான் உட்காரும் என்று காட்டினார்கள். நியோபியத்தில் அந்தப் படிகள் அவ்வளவு நெருக்கமானவை, தொடர்ச்சி என்று வைத்துக்கொண்டால் கெடுதல் இல்லை. ஒய்பிசிஓ-வில் உட்கரு ஒல்லி, ஆற்றல் இடைவெளி பெரிது, படிகள் விலகி நிற்கும். 1995இல் ஜெனீவாக் குழு எஸ்டிஎம் என்னும் வருடு ஊடுருவல் நுண்ணோக்கியால் ஒய்பிசிஓ சுழியின் உட்கருவைப் பார்த்தபோது, சாதாரண உலோகம் போல ஒன்று அங்கே தெரியவில்லை. ஆகவே என் பாகுக் கரண்டி உவமை அளவுக்கு உதவும், உள்ளே நடப்பதற்குப் படம் ஆகாது.

9 மார்ச் 2024

ஞாபகம் வந்தது, எழுதிவிடுகிறேன்.

1930களில் உக்ரைனின் கார்கிவ் நகரில் லெவ் ஷுப்னிக்கோவ் ஈயக் கலவைகளை அளந்தார். புலம் உள்ளே புகுந்த பிறகும் மீக்கடத்தும் தன்மை சாகாமல் இருப்பதைக் கண்டார். 1937இல் கைது செய்து அதே ஆண்டு சுட்டுக்கொன்றுவிட்டார்கள். வயது 36. சுழிகள் கலந்த அந்த நிலையை இன்றும் ஷுப்னிக்கோவ் நிலை என்கிறோம்.

அவர் கண்டதற்குக் கணிதம் கொடுத்தவர் அப்ரிகோசோவ். 1953 வாக்கில் சுழிகளின் கணக்கு கையில் இருந்தது. அவருடைய வழிகாட்டி லாண்டவ் ஏற்கவில்லை, மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. 1957இல்தான் அச்சேறியது, நோபல் கிடைத்தது 2003இல். அவருடைய தாளில் சுழிகள் சதுரமாக அடுக்கப்பட்டிருந்தன. 1964இல் வேறு மூவர் கணக்கைச் சரிபார்த்து முக்கோண அடுக்குக்கு ஆற்றல் குறைவு என்று காட்டினார்கள். வித்தியாசம் இரண்டு சதவீதம்தான். 1967இல் எஸ்மனும் ட்ராய்பிளும் மிக நுண்ணிய காந்தத் துகள்களை மீக்கடத்தியின் மேல் படியவிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கோலத்துக்கு வைத்த புள்ளிபோல, முக்கோண வரிசை.

கோலப்புள்ளி என்று எழுதிவிட்டுப் பார்க்கிறேன். இடுக்குப் புள்ளிக் கோலம் என்றால் இன்னும் சரி. ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் புள்ளி.

12 மார்ச் 2024

"சுழி நகர்கிறது என்பது வசதிக்காகச் சொல்கிற கதையா, உண்மையில் நகர்கிறதா?" நல்ல சந்தேகம். நானும் பட்டதுதான்.

1965இல் ஐவார் யேவர் செய்த சோதனையை விட அழகான பதில் இல்லை. இரண்டு மீக்கடத்திப் படலங்கள், ஒன்றின் மேல் ஒன்று, நடுவில் மிக மெல்லிய மின்காப்பு. புலத்தை இரண்டுக்கும் குறுக்கே கொடுத்தால் ஒரே காந்த இழைகள் இரண்டையும் தைத்துக்கொண்டு நிற்கும். இப்போது ஒரு படலத்தில் மட்டும் நேர் மின்னோட்டம். அதில் சுழிகள் நகரும். அவை தம்மோடு அடுத்த படலத்தின் சுழிகளையும் இழுத்துப்போகும். மின்னோட்டமே செலுத்தாத அந்தப் படலத்தில் மின்னழுத்தம் வருகிறது! நேர் மின்னோட்டத்தில் வேலை செய்யும் மின்மாற்றி. எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் மின்மாற்றிக்கு மாறு மின்னோட்டம் வேண்டும் என்பார். சுழிகள் நகரவில்லை என்றால் இது நடக்க வழியே இல்லை.

13 மார்ச் 2024

முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை இன்றுதான் கேட்கிறேன். தம்பி, உன் வில்லை பொடியை அழுத்திச் சுட்டதா? உருகவிட்டு வளர்த்ததா, சுட்டதா என்பதில் பதில் மாறும்.

சுட்டது என்றால் அது ஆயிரக்கணக்கான பரல்களின், அதாவது சிறு படிகத் துணுக்குகளின், கூட்டு. ஒவ்வொரு பரலும் நல்ல மீக்கடத்தி. பரலும் பரலும் தொடும் எல்லைதான் பலவீனம். 1988இல் ஐபிஎம் ஆய்வகத்தில் டிமோஸ், சௌதரி, மான்ஹார்ட் குழு இதை நேரடியாக அளந்தது. இரண்டு பரல்களும் ஒன்றுக்கொன்று சில பாகை திரும்பியிருந்தாலே எல்லை தாங்கும் மின்னோட்டம் சரிந்துவிடுகிறது. கையில் பிடித்த காந்தமே அந்த எல்லைகளைத் தளர்த்தப் போதும். அங்கே ஓடுகிற சுழிகள் ஜோசப்சன் சுழிகள், அவற்றுக்கு நான் சொன்ன மாதிரி உட்கருவே கிடையாது. பாயம் நகர்ந்தால் மின்னழுத்தம் என்ற அடிப்படை அப்படியே நிற்கும். 'உட்கருவில் சூடு' என்ற பகுதி உன் வில்லைக்குப் பொருந்தாது.

13 மார்ச் 2024, மாலை (கேட்டவர்)

சுட்டதுதான் அண்ணா. மஃபிள் உலையில் 930 பாகை, பிறகு ஆக்சிஜன் ஓட்டம்.

15 மார்ச் 2024

சரி. அப்போது உனக்கு நாடாத் துண்டு ஒன்று வேண்டும். அதைப் பிறகு பேசுவோம். இன்று பிடிப்பைப் பற்றி. எனக்கு மிகப் பிடித்த பகுதி.

மூன்றாம் வருடம் நான் வளர்த்த படிகம் ஒன்று அவ்வளவு சுத்தம். எக்ஸ் கதிர் படத்தில் புள்ளிகள் ஊசிபோல. பெருமையோடு மாறுநிலை மின்னோட்டத்தை அளந்தேன். அடுத்த மேசைத் தோழி வளர்த்த படலம், குறைபாடுகள் மண்டிக் கிடந்தது, என்னுடையதைவிட நூறு மடங்குக்கு மேல் தாங்கியது. அன்று புரிந்தது. சுழிக்குச் சுத்தமான படிகம் எண்ணெய் தடவிய தரை. அழுக்கு, விரிசல், வெற்றிடம், தவறி வளர்ந்த அடுக்கு எல்லாம் அதற்கு மேடுபள்ளம். சுழியின் உட்கருவில் எப்படியும் மீக்கடத்தும் தன்மை இல்லை. ஏற்கெனவே அது இல்லாத ஒரு குறைபாட்டில் போய் உட்கார்ந்தால் அந்தச் செலவு மிச்சம். அதுதான் பிடிப்பு.

இதைத் தெரிந்தே செய்கிறார்கள். 1991இல் 580 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வெள்ளீய அயனிகளை ஒய்பிசிஓ படிகத்துக்குள் சுட்டார்கள். ஒவ்வொன்றும் நேராகத் துளைத்துச் சில நானோமீட்டர் அகலச் சிதைவுப் பாதையை விட்டுப் போனது. சுழி படுத்துக்கொள்ள அளவெடுத்து வெட்டிய வாய்க்கால். பிடிப்பு எகிறியது. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் நாடா செய்பவர் அயனி முடுக்கிக்கு எங்கே போவார்? 2004இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் வேறு வழி கண்டார்கள். வளரும் படலத்திலேயே பேரியம் சிர்கோனேட் கலந்தார்கள். அது ஒய்பிசிஓ-வோடு கரையாமல் தானாகவே நானோ அளவில் ஒதுங்கி நிற்கிறது, சில சமயம் தூண்களாகவே அடுக்கிக்கொள்கிறது.

பிடிப்பு எவ்வளவு முக்கியம் என்றால் பிஸ்மத்தைப் பார். பிஸ்மத் கலந்த தாமிர ஆக்சைடு மீக்கடத்திக் குடும்பத்தில் 2223 என்ற வகைக்கு மாறுநிலை வெப்பநிலை 110 கெல்வின், ஒய்பிசிஓ-வைவிட மேல். ஆனால் 77 கெல்வினில் அதன் மீளாக்கோடு சுமார் 0.3 டெஸ்லா, ஒய்பிசிஓ-வுக்கு சுமார் 7 டெஸ்லா. ஏன்? பிஸ்மத்தில் அடுக்குகளுக்கு இடையே பிணைப்பு மிகத் தளர்வு. சுழி ஒரே கயிறாக இல்லாமல் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு தட்டையாக நிற்கிறது. அடுக்கி வைத்த தோசை. ஒரு குறைபாடு ஒரு தோசையைப் பிடித்தால் மேலே உள்ளது நழுவிப் போகும்.

17 மார்ச் 2024

தோசையைப் பற்றி எழுதியதும் முதல் நாள் எழுதியதைத் தொட வேண்டியிருக்கிறது. 'மின்னோட்டம் தள்ளுகிறது' என்றேன். லாரன்ஸ் விசை என்பார்கள். புலத்துக்கும் மின்னோட்டத்துக்கும் நடுவே உள்ள கோணம் மாறினால் விசை மாற வேண்டும், இரண்டும் இணை என்றால் விசை இல்லை.

பிஸ்மத் படிகத்தில் இதைச் சோதித்தார்கள். புலத்தை அடுக்குக்குள்ளேயே வைத்து, மின்னோட்டத்தோடு அதன் கோணத்தைத் திருப்பினால் மின்தடை அசையவே இல்லை. இணையாக வைத்தாலும் அதே வெப்ப இழப்பு. தள்ளுகிற விசை இல்லாமல் சுழி நகர்கிறதா? 1990இல் நெதர்லாந்தின் லைடனிலிருந்து கெஸ்ஸும் அவர் கூட்டாளிகளும் முடிச்சை அவிழ்த்தார்கள். இவ்வளவு தளர்ந்த அடுக்குகளில் புலத்தின் செங்குத்துக் கூறு மட்டுமே தோசைகளை உண்டாக்குகிறது. படிகம் ஒரு சிறு பாகை சாய்ந்திருந்தால்கூடச் செங்குத்துக் கூறு வந்துவிடும். தோசை எப்போதும் அடுக்குக்குச் செங்குத்து, மின்னோட்டம் எப்போதும் அடுக்குக்குள். அவை இரண்டுக்கும் கோணம் மாறுவதே இல்லை.

20 மார்ச் 2024

'பிடிப்பு இருந்தால் சுழி நிற்கும்.' இதுவும் முழு உண்மை இல்லை.

களத்தில் குவித்த நெல் அம்பாரத்தை நினை. சரிவுக்கு ஒரு எல்லைக் கோணம் உண்டு. பிடிப்புள்ள மீக்கடத்தியில் சுழிகளும் அப்படித்தான் விளிம்பில் அடர்ந்து, உள்ளே போகப் போக ஒரே சரிவாகக் குறையும். அந்தச் சரிவுதான் மாறுநிலை மின்னோட்டம். 1962இல் பீன் கொடுத்த படம். அதே ஆண்டு ஆண்டர்சன் சொன்னார்: மணி ஒவ்வொன்றாக உருண்டுகொண்டே இருக்கும், வெப்பம் உதறுவதால். சரிவு குறையக் குறைய உருள்வதும் மெதுவாகும்.

நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உருக்கி வளர்த்த ஒய்பிசிஓ வில்லையில் காந்தப்பாயத்தைச் சிறைப்படுத்தி, மேலே ஹால் உணரி (காந்தப்புலம் அளக்கும் கருவி) வைத்து, இரவு முழுக்க உட்கார்ந்து குறித்தேன். முதல் நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடம் வரை எவ்வளவு குறைந்ததோ, பத்திலிருந்து நூறு வரையும் ஏறத்தாழ அவ்வளவே. நூறிலிருந்து ஆயிரம் வரையும். மடக்கைக் கணக்கு. விடியும்போது கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது, ஆனால் நிற்கவில்லை.

அப்படியென்றால் மின்தடை உண்மையிலேயே சுழியா? 1989இல் மேத்யூ ஃபிஷர் கொடுத்த பதில் இது. குறைபாடுகள் தாறுமாறாக நிறைந்த பொருளில் தாழ்ந்த வெப்பநிலையில் சுழிகள் கண்ணாடிபோல உறையும். அந்த நிலையில் மின்னோட்டம் குறையக் குறைய, தாண்ட வேண்டிய ஆற்றல் தடை எல்லையின்றி உயரும். சிறு மின்னோட்டத்துக்கு மின்தடை மெய்யாகவே சுழி. அதற்கு மேல் வெப்பநிலையில் சுழித் திரவம். அதில் எவ்வளவு சிறிய மின்னோட்டம் செலுத்தினாலும் ஓம் விதிப்படி ஒரு மின்தடை இருக்கும், அது எவ்வளவு சொற்பமாக இருந்தாலும். உன் முதல் கேள்விக்கு நான் 3ஆம் தேதியே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். இரண்டு வாரம் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறேன்.

21 மார்ச் 2024

உருகுவது என்று எழுதினால் உவமையா என்று கேட்கிறார்கள். உவமை இல்லை. சுத்தமான படிகத்தில் சுழி அடுக்கு பனிக்கட்டிபோல உருகுகிறது. 1995இல் ஸெல்டோவ் குழு நுண்ணிய ஹால் உணரிகளால் பிஸ்மத் படிகத்தில் உருகும்போது சுழி அடர்த்தியில் வரும் தாவலைப் பிடித்தது. 1996இல் ஷில்லிங் குழு ஒய்பிசிஓ-வில் உள்ளுறை வெப்பத்தையே அளந்தது. உருகியதும் சுழிகள் இன்னும் நெருங்குகின்றன. திரவம் திடத்தைவிட அடர்த்தி. தண்ணீருக்கும் பனிக்கட்டிக்கும் இருக்கிற அதே விசித்திரம்.

2 ஏப்ரல் 2024

"நைட்ரஜனிலேயே வேலை செய்யும் என்றால் பெரிய காந்தங்களை ஏன் 20 கெல்வினுக்கும் 4 கெல்வினுக்கும் குளிர்விக்கிறார்கள்?"

சுழிகளுக்காக. மாறுநிலை வெப்பநிலை 92 ஆக இருக்கலாம். 20 டெஸ்லாவில் 77 கெல்வின் என்பது மீளாக்கோட்டுக்கு வெகு மேலே, முழுத் திரவம். அமெரிக்காவின் தாலஹாசியில் 2017 டிசம்பரில் 32 டெஸ்லா தொட்ட காந்தம் திரவ ஹீலியத்தில்தான் ஓடுகிறது. 2021 செப்டம்பரில் எம்ஐடியும் காமன்வெல்த் ஃப்யூஷன் நிறுவனமும் 20 டெஸ்லா காட்டிய சுருள் 20 கெல்வினில்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நாடாவில் ஓர் இடத்தில் பிடிப்பு தளர்ந்து சூடு கண்டால், நியோபியம்-டைட்டானியத்தில் அந்தச் சூடு நொடிக்குப் பல மீட்டர் ஓடிப் பரவும், உணரி உடனே பார்த்துவிடும். இந்த நாடாக்களில் அது நொடிக்குச் சில சென்டிமீட்டர், சில சமயம் அதற்கும் கீழே. சூடு ஒரே இடத்தில் குவிந்து, மின்னழுத்தம் பெரிதாகத் தெரிவதற்குள் நாடா கருகிவிடும். நான் ஒரு நாடாவை அப்படி இழந்திருக்கிறேன். வெளியே எடுத்தபோது கடுகளவு ஒரு கரும்புள்ளி, மீதி எல்லாம் புதுசுபோலப் பளபளத்தது.

9 ஏப்ரல் 2024 (கேட்டவர்)

அண்ணா, ஐந்து சென்டிமீட்டர் நாடாத் துண்டு கிடைத்துவிட்டது. எங்கள் மின்காந்தம் அரை டெஸ்லா வரை போகும். என்ன அளக்க?

9 ஏப்ரல் 2024, இரவு

முதலில் மின்னழுத்த இணைப்புகளை மின்னோட்ட முனைகளிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி வை, இல்லையென்றால் பற்றாசின் சூட்டைச் சுழி என்று அளப்பாய். மின்னோட்டத்தைத் துடிப்புகளாகக் கொடு. இரு திசையிலும் அளந்து சராசரி எடு. நாடாவில் தாமிர உறை இருந்தால் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அதற்குள் புகுந்துகொள்ளும், மின்னழுத்தம் பெரிதாகும்போது அதைக் கழிக்க வேண்டும்.

77 கெல்வினில் அரை டெஸ்லா உன் நாடாவை உருக்காது, அங்கே கண்ணாடிப் பக்கம்தான் தெரியும். மறுபக்கத்தைப் பார்க்க நைட்ரஜன் மட்டத்தை இறக்கி, நாடாவைத் திரவத்துக்கு மேலே ஆவிக்குள் தூக்கி, மெதுவாக 85, 88, 90 கெல்வின் என்று ஏற்று. ஒவ்வொரு நிலையிலும் மின்னழுத்தம்–மின்னோட்டம் இரண்டையும் மடக்கைத் தாளில் போடு. கோடு கீழ்முகமாக வளைந்து, மின்னோட்டம் குறையும்போது மின்னழுத்தம் பாய்ந்து மறைந்தால் சுழிகள் உறைந்திருக்கின்றன. கீழ்ப்பகுதியில் சாய்வு ஒன்று கொண்ட நேர்கோடாகிவிட்டால் திரவம். இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு வெப்பநிலையில் கோடு வளையாமல், ஆனால் ஒன்றைவிடச் செங்குத்தாக நிற்கும். அந்த வெப்பநிலையைக் குறித்துக்கொள். புலத்தைப் பாதியாக்கி மறுபடி தேடு. நான்கு புலங்களுக்குக் கிடைத்ததும் வரைபடத்தை இங்கே போடு, என்னுடைய பழைய படிகத்தின் புள்ளிகளை அதே தாளில் வைத்துப் பார்க்கிறேன்.